கோபி மஞ்சூரியன் வந்தது, களி ஏன் வரவில்லை?

கேள்வி இதுதான்: "தர்மபுரிப் பக்கம் எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் ராகிக் களி. ஆனால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற ஹோட்டல்களில் களி கிடைப்பதில்லை. கோபி மஞ்சூரியன் இல்லாத ஹோட்டலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு பண்டம் மெனுவில் ஏறுவதை யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து?"

இந்தக் கேள்வியைப் பல வருஷமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 28 வருஷமாக ஹோட்டல் தொழிலில் இருக்கிறேன். இலை எடுக்கிற பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் சப்ளையர், சரக்கு மாஸ்டருக்குக் கையாள், சென்னையில் சூப்பர்வைசர். கடந்த 11 வருஷமாகச் சேலத்தில் சொந்தமாக ஒரு சைவ-அசைவ ஹோட்டல் நடத்துகிறேன், 48 பேர் உட்காரலாம்.

மெனுவை முதலாளி முடிவு செய்கிறார் என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சாப்பிட வருகிறவர்கள் விரும்புவதைத்தானே போடுவார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டுமே கடைசியில் வருகிற சங்கதி. முதல் முடிவு அடுப்படியில் நடந்துவிடுகிறது. அங்கே ஏற்கெனவே எந்தக் கல் சூடாக இருக்கிறது, எந்தச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, நிற்கிற ஆளின் கைக்கு என்ன பழக்கம், காலையில் என்ன மீந்தது என்கிற நாலு விஷயத்துக்குள் அடங்குகிற பண்டம் சுலபமாக உள்ளே வந்துவிடும். அடங்காத பண்டம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் வாசலிலேயே நிற்கும்.

ஒரு நடுத்தர ஹோட்டலின் உள்ளே வந்து பாருங்கள். இட்லிக் கொப்பரை ஒன்று. தோசைக்கல் ஒன்று. வடை, பூரி, பஜ்ஜி போடுகிற எண்ணெய்ச் சட்டி ஒன்று. சாதமும் சாம்பாரும் ரசமும் இறங்குகிற பெரிய அடுப்பு. அசைவம் உண்டென்றால் பரோட்டாக் கல்லும் பிரியாணி அண்டாவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாஸ்டர், ஒரு கையாள். தோசை மாஸ்டர் தோசைக்கல்லை விட்டு நகர மாட்டார், நகரவும் முடியாது. மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு கல்லில் எட்டு தோசை வெந்துகொண்டிருக்கும்போது "மாஸ்டர், ஒரு நிமிஷம் அதைக் கொஞ்சம் கிண்டிவிடுங்க" என்று யாரும் கேட்க முடியாது.

இந்தக் கணக்கில் தோசையைப் பாருங்கள். வெங்காய ஊத்தப்பம், பொடி தோசை, மசால் தோசை, முட்டை தோசை, மதுரைப் பக்கத்துக் கறி தோசை, இப்போது பனீர் தோசை, சீஸ் தோசை. கார்டில் 20 வரி. அடுப்படியில் அது ஒரே மாவு, ஒரே கல், ஒரே கை. மேலே தூவுவது மட்டும் மாறுகிறது. அதனால்தான் புதுத் தோசை ஒன்றைச் சேர்க்க எந்த முதலாளியும் இரண்டு தடவை யோசிப்பதில்லை. சாம்பாரில் மிதக்கிற 14 மினி இட்லியும் அப்படித்தான். கொப்பரை அதேதான், தட்டில் குழி மட்டும் சிறியது.

இப்போது கோபி மஞ்சூரியனுக்கு வருகிறேன். அதன் முன்னோடியான சிக்கன் மஞ்சூரியன் பிறந்த கதை தெரிந்த கதைதான். 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில், கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங்கிடம், மெனுவில் இல்லாத ஏதாவது செய்து தரச் சொல்லி ஒருவர் கேட்கிறார். அவர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் ஊர் வதக்கலில் ஆரம்பித்து, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றி, சோளமாவில் கெட்டிப்படுத்தி, பொரித்த கோழியைப் போடுகிறார். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவரை வைத்ததும் அது சைவ ஹோட்டலுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

ஏன் இவ்வளவு வேகமாக நுழைந்தது? பஜ்ஜி போடுகிற எண்ணெய்ச் சட்டி எல்லா ஹோட்டலிலும் இருந்தது. பூவை மாவில் முக்கிப் பொரிப்பது பஜ்ஜி மாஸ்டருக்குப் புதிதே இல்லை. மதியமே பாதி பொரித்து வைத்துக்கொள்ளலாம், ஆர்டர் வந்ததும் இன்னொரு முறை எண்ணெயில் போட்டு எடுத்து, வாணலியில் சாஸோடு புரட்டினால் ஐந்து நிமிஷத்தில் தட்டு டேபிளுக்குப் போய்விடும். சாஸ் பாட்டில் மாதக்கணக்கில் கெடாது. கோடையில் பூ விலை ஏறினால் ஒரு தட்டில் இரண்டு துண்டைக் குறைத்து வெங்காயத்தையும் குடைமிளகாயையும் கூட்டிக்கொள்வார்கள், சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. இவ்வளவு வசதியான பண்டம் ஹோட்டல்காரனுக்கு ஆயுசில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அந்தக் கண்ணைப் பறிக்கிற சிவப்பு நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. நான் அதற்கு முன்பே நிறம் போடுவதை நிறுத்திவிட்டேன். முதல் மாதம் "என்ன, வெளுப்பா இருக்கு" என்று கேட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது.

சிக்கன் 65-க்கும் இதே மாதிரி ஒரு பின்னணி உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951-ல் ஏ.எம். புகாரி தொடங்கிய ஹோட்டலில் 1965-ல் அறிமுகமான பண்டம், அதனால்தான் அந்த எண் என்பது புகாரி ஹோட்டல் சொல்கிற கணக்கு. அதற்குப் பிறகு 78, 82, 90 என்றும் அங்கே கோழி வந்தது. 65 மிளகாய், 65 நாள் கோழி என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட கதைகள். ஆனால் என் சின்ன வயதில் எங்கள் ஊரில் கோழி என்றால் நாட்டுக்கோழி. அது வேக நேரம் எடுக்கும், விலையும் அதிகம், விருந்தாளி வந்தால்தான் அடிப்பார்கள். 1990-களில் பல்லடம், உடுமலைப்பேட்டை பக்கம் ஒப்பந்தப் பண்ணை முறை பெருகி, பிராய்லர் கோழி தினமும் காலையில் ஹோட்டல் வாசலில் வந்து இறங்க ஆரம்பித்தது. இளசான கறி, பத்து நிமிஷத்தில் பொரிந்துவிடும். சென்னையில் ஒரு ஹோட்டலின் பெயராக இருந்த பண்டம், டாஸ்மாக் பக்கத்துத் தள்ளுவண்டி வரைக்கும் போனதற்குப் பிராய்லர்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சமையல் குறிப்பு கண்டுபிடிக்கப்படுவது ஒரு நாளில். அது ஊரெல்லாம் பரவுவது சரக்கு கிடைக்கிற நாளில்.

சரக்கு கிடைக்காமல் போனதால் பிறந்த பண்டமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. தென்னிந்தியா முழுக்க அரிசிக்கு முட்டுப்பாடு. அந்தக் காலத்தில் ரவையை வைத்து இட்லி வார்த்துப் பார்த்ததில் வந்ததுதான் ரவா இட்லி என்று பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டல்காரர்கள் சொல்கிறார்கள். இங்கேயும் கவனியுங்கள். கொப்பரை மாறவில்லை, தட்டு மாறவில்லை, மாஸ்டர் மாறவில்லை. மாவு மட்டும் மாறியது. அரிசி திரும்பி வந்த பிறகும் ரவா இட்லி போகவில்லை.

அடுத்தது மீதம். இதை ஹோட்டல்காரர்கள் வெளியே பேச மாட்டார்கள், ஆனால் இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. வீட்டில் மீந்த சாதத்துக்கு உங்கள் அம்மா என்ன செய்வாரோ அதைத்தான் நாங்களும் செய்கிறோம். காலை இட்லி பதினோரு மணிக்கு மேல் போகாது. அதை உதிர்த்தால் இட்லி உப்புமா, துண்டு போட்டு எண்ணெயில் போட்டால் ஃப்ரைட் இட்லி, பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் புரட்டினால் பொடி இட்லி. ஆறின வடைக்குச் சாம்பாரும் தயிரும் இருக்கின்றன. புளித்த மாவு மாலையில் போண்டாவாகவோ குழிப்பணியாரமாகவோ ஆகிவிடும். பரோட்டா மீந்தால் கொத்து. இதில் வேடிக்கை பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மீதத்துக்காக வந்த பண்டம் ஜனங்களுக்குப் பிடித்துப்போனால், நாளடைவில் அதற்கென்றே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். என் ஹோட்டலில் ராத்திரி போடுகிற பரோட்டாவில் கிட்டத்தட்ட பாதி கொத்துக்கென்றே வீசுகிறோம். அந்தக் கல்லில் இரண்டு கரண்டியும் தட்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் உள்ளே வருகிறார்கள்.

வடக்கே பட்டர் சிக்கனுக்கும் இதே பிறப்புதான் சொல்கிறார்கள். தில்லி தரியாகஞ்சில் 1947-ல் தொடங்கிய மோதி மஹாலில், தந்தூரில் சுட்ட கோழி விற்காமல் காய்ந்து போவதைத் தடுக்கத் தக்காளி, வெண்ணெய், பாலாடை சேர்த்துக் குழம்பாக்கினார்கள் என்பது கதை. அதைக் கண்டுபிடித்தது எங்கள் தாத்தாதான் என்று இரண்டு குடும்பங்கள் சொல்ல, வழக்கு 2024-ல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கே போனது. மீந்ததைச் சரிபண்ணிய ஒரு சாமர்த்தியத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்திருக்கிறது.

இனி ஆள். புது ஹோட்டல் ஒன்று திறந்தால் எங்கள் தொழிலில் முதல் கேள்வி "மாஸ்டர் எந்த ஊரு?" என்பதுதான். அதைக் கேட்டுவிட்டால் மெனுவில் முக்கால்வாசியைச் சொல்லிவிடலாம். விருதுநகர்க்காரர் வந்தால் எண்ணெய் பரோட்டா வரும். ஆம்பூர்க்காரர் வந்தால் பிரியாணியோடு கத்தரிக்காய்த் தொக்கு வரும். மதுரை மாவட்டம் வடக்கம்பட்டி என்ற ஒரு கிராமத்திலிருந்து போனவர்கள்தான் ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் தொடங்கினார்கள். இன்றைக்கும் வருஷா வருஷம் அந்த ஊர் முனியாண்டி கோயில் திருவிழாவுக்குத் திரும்பிப் போய், பிரியாணி சமைத்துப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஒரு ஊரின் கைப்பக்குவம் தமிழ்நாட்டு அசைவ மெனுவின் பாதியை எழுதியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இதன் மறுபக்கம் வலிக்கிற பக்கம். மாஸ்டர் போனால் பண்டமும் போகும். நான் சூப்பர்வைசராக இருந்த சென்னை ஹோட்டலில் ஒரு பெரியவர் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கம். அவர் கடப்பா என்று ஒன்று செய்வார், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த, இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற ஒரு குழம்பு. ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே கூட்டம் வரும். சம்பளம் நூறு ரூபாய் கூட்டிக் கேட்டார், நிர்வாகம் கொடுக்கவில்லை, போய்விட்டார். அடுத்த ஞாயிறு வேறொருவரை வைத்துச் செய்து பார்த்தார்கள். கூட்டம் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மாதத்தில் பலகையிலிருந்து அழித்துவிட்டார்கள். அளவு எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதித்தான் இருந்தது. பருப்பு எந்த நிமிஷத்தில் கரைய வேண்டும், கரையாமல் நிற்க வேண்டும் என்பது எழுத்தில் வராது.

இப்போது உங்கள் களி.

ஹோட்டல் என்கிற இடம் நம் ஊரில் எப்படி உருவானது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் டவுன்களில் வந்த காபி கிளப்புகளில் பெரும்பாலானவை பிராமணர்கள் நடத்தியவை. உடுப்பிக்காரர்களும் வந்தார்கள். உடுப்பி மடத்துச் சமையலறையில் எடுபிடியாக இருந்த கே. கிருஷ்ண ராவ் சென்னைக்கு வந்து, 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962-ல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் வந்தது. 2008-ல் அது மூடப்பட்டு அந்த இடம் இன்று செம்மொழிப் பூங்காவாக இருக்கிறது. இட்லி, வடை, தோசை, பூரி, பொங்கல், காபி என்கிற வரிசையை இவர்கள்தான் நிலைநாட்டினார்கள். பின்னால் வந்த எல்லாரும், எந்தச் சாதிக்காரராக இருந்தாலும், அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டோம். சென்னை திருவல்லிக்கேணியில் ஹோட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் பெரியார் போராட்டம் நடத்தினார். பலகைகளிலிருந்து அந்தச் சொல் போனது. மெனு அப்படியே இருந்தது.

களியும் கூழும் காட்டில் உழைக்கிறவர்களின் சாப்பாடு. என் அம்மாவைப் பெற்ற ஆயா சொல்லும், அவர்கள் சின்ன வயதில் இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான். அப்படி வளர்ந்த ஒருவர் டவுனுக்கு வந்து, கையில் காசு இருக்கும்போது, தினமும் வீட்டில் தின்கிற களியைக் காசு கொடுத்துத் தின்பாரா? வெள்ளை இட்லியைக் கேட்பார். அதில் ஒரு தவறும் இல்லை. அவருக்கு ஹோட்டல் என்பது ஒரு நாள் வேறு மாதிரிச் சாப்பிடுகிற இடம். அவர் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இப்போது களி வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. களி கிண்டுகிற கை பெண்களின் கை. ஹோட்டல் அடுப்படி ஆண்களின் இடம். ஒரு மாஸ்டர் இன்னொரு மாஸ்டரிடம் கற்றுக்கொண்டு வந்தவர், அம்மாவிடம் கற்றுக்கொண்டு வந்தவர் இல்லை. எங்கள் அடுப்படிகளில் பெண்கள் காய் நறுக்கினார்கள், பாத்திரம் கழுவினார்கள், கரண்டி அவர்கள் கைக்கு வரவில்லை. வீட்டுச் சமையலில் இருக்கிற நூற்றுக்கணக்கான பண்டங்கள் மெனுவுக்கு வராமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பொரிச்ச குழம்பு எத்தனை ஹோட்டலில் பார்த்திருக்கிறீர்கள்? பருப்புருண்டைக் குழம்பு? கொள்ளுத் துவையல்?

சிறுதானியத்துக்கு ஐ.நா. சபை 2023-ஐ ஒதுக்கியபோது எல்லா ஹோட்டலும் எதையாவது செய்ய வேண்டும் என்று கிளம்பின. என்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கம்பு தோசை, ராகி தோசை, வரகு பொங்கல், சாமை பிரியாணி. கம்பங்கூழ் வரவில்லை, களி வரவில்லை. தானியம் வாசலில் வந்து நின்றது, கல்லுக்குத் தக்கபடி தோசையாக ஆனதும் உள்ளே விட்டார்கள். நான் மேலே சொன்ன கணக்குத்தான்.

நானும் களியைப் போட்டுப் பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. என் மாஸ்டர் சீர்காழிக்காரர், நல்ல கை, ஆனால் ராகி மாவை உருண்டையாகப் பார்த்ததே இல்லை. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவை அழைத்து வந்தேன். நொய்யை முதலில் குழைய வேகவிட்டார். அதன் மேல் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி விட்டு, மூடி வைத்தார். தண்ணீர் அந்தக் குழி வழியாகக் கொதித்து மேலே வந்து மாவை வேகவைத்தது. அப்புறம் பாத்திரத்தை இறக்கி, நகராமல் கல்லை அண்டக் கொடுத்து, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, முதுகு வளைய, பத்து நிமிஷம் கிண்டினார். ஒரு கட்டி இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் தடவி, சூடு கையைச் சுடச் சுட உருட்டிப் போட்டார். கிலோ மாவுக்குப் பன்னிரண்டு உருண்டை போலத் தேறியது. 40 உருண்டை, பதினொன்றரை மணிக்குத் தயார். பக்கத்தில் கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு.

மாஸ்டர் எட்ட நின்று பார்த்துவிட்டு, "இது நிக்காதுங்க முதலாளி" என்றார்.

அவர் சொன்னது சரி. பன்னிரண்டரைக்குப் போன உருண்டைகள் பஞ்சு மாதிரி இருந்தன. ஒன்றரைக்குப் போனவை மேலே தோல் கட்டிவிட்டன. இரண்டு மணிக்குக் கிள்ளினால் விரல் இறங்கவில்லை. வீட்டில் களி இறக்கியதும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஹோட்டலில் மதியச் சாப்பாடு மூன்றரை மணி நேரம் நீள்கிறது. சாம்பார் அந்த மூன்றரை மணி நேரத்தைத் தாங்கும். பிரியாணி தம்மிலேயே தாங்கும், பார்சலில் இன்னும் நன்றாகத் தாங்கும். உணவு டெலிவரி ஆப்களில் வருஷா வருஷம் பிரியாணியே முதலிடத்தில் இருப்பதற்கு ருசி ஒரு காரணம், அரை மணி நேரம் பையில் இருந்து வந்தாலும் பிரியாணியாகவே இருப்பது இன்னொரு காரணம். களி அப்படி இல்லை.

விலை அடுத்த இடி. ராகி மலிவு. ஆனால் ஒருவர் அரை நாள் அதற்கென்றே நிற்கிறார், அவர் கூலியும் பஸ் செலவும் உண்டு. எங்கள் தொழிலில் விற்கிற விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் சரக்குச் செலவு இருந்தால்தான் வாடகை, கூலி, கேஸ் எல்லாம் போக ஏதாவது நிற்கும். களியில் சரக்கு குறைவு, கைதான் செலவு. குழம்போடு 90 ரூபாய் என்று வைத்தேன். "களிக்கு 90 ரூபாயா?" என்று கேட்டார்கள். அதே டேபிளில் கோபி மஞ்சூரியன் 120 ரூபாய், யாரும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா செய்கிற வேலைக்கு நாம் என்றைக்கும் விலை போட்டுப் பார்த்ததில்லை. அதனால் அந்த வேலை வெளியே வரும்போது அதன் விலை நமக்கு அநியாயமாகத் தெரிகிறது.

அன்றைக்கு 40-ல் 17 மீந்தது. அக்கா அதைத் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு எங்கள் பையன்களுக்குக் கொடுத்தார். ஒருவர் விடாமல் இரண்டு சொம்பு குடித்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது.

மாற்றியது இரண்டு விஷயம். ஒரே தடவையில் 40 கிண்டுவதை நிறுத்தினோம். பன்னிரண்டே காலுக்கு 12, ஒரு மணிக்கு 12, ஒன்றே முக்காலுக்கு 12. ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறோம். சப்ளையர்களை முதலில் சாப்பிடச் சொன்னோம். இது நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய மாற்றமாக இருந்தது. அதுவரை "களி எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "நல்லாருக்கும் சார்" என்று மட்டும் சொன்ன பையன், "நடுவுல குழி பண்ணிக் கொழம்ப ஊத்திக்குங்க சார், மெல்லாம அப்படியே முழுங்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். ஒரு பண்டத்தை விற்பது சப்ளையரின் வாய். அவனுக்குத் தெரியாததை அவன் விற்க மாட்டான், பழகின நாலு பெயரைத்தான் ஒப்பிப்பான். நீங்கள் ஹோட்டலில் உட்கார்ந்ததும் கேட்கிற அந்த வேகமான வரிசையில் இல்லாத பண்டம் கார்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மெனுவைப் பற்றிக் கேட்டதால் கார்டைப் பற்றியும் சொல்கிறேன். சின்ன ஊர்களில் புது ஹோட்டல் திறக்கிறவர் அச்சகத்துக்குப் போய், "பக்கத்து ஹோட்டல் கார்டு மாதிரியே போடுங்க" என்று பழைய கார்டு ஒன்றைக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். எழுத்துப் பிழையோடு சேர்ந்து அது அடுத்த ஹோட்டலுக்குப் போகும். எல்லா ஊர் மெனுவும் ஒரே மாதிரி இருப்பதில் அச்சகத்துக்கும் பங்கு உண்டு.

எனவே உங்கள் ஊரில் களி வேண்டுமென்றால், பெரிய ஹோட்டலில் கேட்காதீர்கள். மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் அங்கே கூடுதலாக இருக்கும். வீட்டுக்காரம்மாவே சமைக்கிற சின்ன மெஸ்ஸில் கேளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் களியும் கருவாட்டுக் குழம்பும் போடுகிற மெஸ்கள் ரோட்டோரம் இருக்கின்றன. அங்கே சமைப்பவரும் பரிமாறுபவரும் ஒரே குடும்பம், மதியம் இரண்டு மணிக்குச் சட்டி காலி. ஒரு நாள் கேட்டுவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். "புதன்கிழமை நாங்க ஆறு பேர் வர்றோம்" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். ஆறு பேர் நிச்சயம் என்றால் எந்த மெஸ்ஸிலும் அரைக் கிலோ மாவு கிண்டுவார்கள்.

என் ஹோட்டலில் புதனும் சனியும் களி உண்டு. இன்னும் அச்சடித்த கார்டில் ஏற்றவில்லை. கார்டில் ஏறிவிட்டால் தினமும் இருக்க வேண்டும், தினமும் கிண்ட அக்காவால் முடியாது. வாசலில் ஒரு கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுகிறோம், மூன்றாவது ஈடு தீர்ந்ததும் அழித்துவிடுகிறோம். இந்த வருஷம் அக்காவின் மருமகளும் கூட வர ஆரம்பித்திருக்கிறார். மாஸ்டர் இப்போது எட்ட நிற்பதில்லை, பாத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறார். சேலம் பக்கம் வந்தால் ஒன்றே முக்காலுக்குள் வந்துவிடுங்கள்.